வெட்டி அனுப்பிய படம்

இரவு 11.15. கோவையில் ஓர் ஆய்வகத்தின் இருட்டறை. படமெடுக்கும் இயந்திரத்தின் திரையில் முதலில் வெறும் சாம்பல் நிறம்தான் தெரிந்தது. பத்து விநாடி, இருபது விநாடி. பிறகு ஒரு கறுப்புக் கோடு மெல்லத் தெளிந்து வந்தது. ஓர் அரிசி மணி நீளம்கூட இருக்காது.

அந்த ஆராய்ச்சி மாணவி மூன்று வருடமாகப் பார்க்கக் காத்திருந்த கோடு அது.

கைப்பேசியை எடுத்துத் திரையைப் படம் பிடித்தாள். அதில் நான்கு தடங்கள் இருந்தன. எதுவும் போடாத செல்கள், கொஞ்சம் மஞ்சள் சத்து போட்ட செல்கள், நிறையப் போட்ட செல்கள், கடைசியில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் புற்றுநோய் மருந்து போட்ட செல்கள். அந்தக் கடைசித் தடம் தார் பூசியது போல அப்பிக் கிடந்து படத்தின் அழகைக் கெடுத்தது. விரலால் ஓரத்தை நகர்த்தி அதை வெட்டிவிட்டாள். மிச்சத்தை அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். கீழே ஒரே வரி: "அப்பா, நம்ம மஞ்சள் கேன்சர் செல்லைக் கொல்லுதுங்க."

அப்பா தூங்கியிருப்பார் என்றுதான் நினைத்தாள். அடுத்த நிமிடமே இரண்டு நீல டிக் விழுந்தது.

ஈரோடு மாவட்டம் சிவகிரி பக்கம் ஒரு கிராமம் அவர்களுடையது. கீழ்பவானி வாய்க்கால் தண்ணீரில் மஞ்சள், ஒரு பக்கம் கரும்பு, வரப்போரம் தென்னை. மஞ்சள் என்பது ஒன்பது, பத்து மாதம் காத்திருக்கும் வெள்ளாமை. வெட்டி, வேகவைத்து, களத்தில் காயப்போட்டு, மெருகேற்றி, மூட்டை பிடித்து ஈரோடு மார்க்கெட்டுக்குக் கொண்டு போகும்போது என்ன விலை என்பது அன்றைய ஏலத்தில்தான் தெரியும். 2010-ல் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டியபோது ஊரில் வீட்டுக்கு வீடு கான்கிரீட் போட்டார்கள். இரண்டே வருடத்தில் விலை விழுந்தபோது அதே வீடுகளில் நகை அடகுக்குப் போனது. அவள் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் வளையல் போனதும் அவளுக்கு நினைவிருக்கிறது, அது திரும்பி வராததும் நினைவிருக்கிறது.

அப்பாவுக்கு மஞ்சளைப் பற்றி ஒரு பெருமை உண்டு. 1995-ல் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, புண் ஆற்ற மஞ்சள் என்று அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். நம் நாட்டு விஞ்ஞான ஆராய்ச்சிக் கழகமான சி.எஸ்.ஐ.ஆர்., மஷேல்கர் தலைமையில் வழக்காடி 1997-ல் அதை ரத்து செய்ய வைத்தது. இந்தக் கதையை டீக்கடையில் அப்பா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். 2019-ல் ஈரோடு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த அன்று மகளைத்தான் முதலில் கூப்பிட்டார். அந்த மகள் மஞ்சளையே ஆராய்ச்சிக்கு எடுத்தது தற்செயல் இல்லை.

மஞ்சளுக்கு மஞ்சள் நிறம் கொடுப்பது குர்குமின் என்ற பொருள். நூறு கிராம் மஞ்சள் தூளில் மூன்று, நான்கு கிராம் அளவில்தான் இருக்கும். அந்தக் குர்குமின் மார்பகப் புற்றுநோய் செல்களைச் சாகடிக்குமா என்பதுதான் அவளுடைய கேள்வி. செல்கள் புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்திலிருந்து வந்தவை. எம்.டி.ஏ-எம்.பி-231 என்று பெயர். 1970-களில் அமெரிக்காவின் ஹூஸ்டனில் 51 வயதுப் பெண் ஒருவரின் நுரையீரலைச் சுற்றித் தேங்கிய நீரிலிருந்து எடுத்தவை. அந்தப் பெண் போய்விட்டார். அவருடைய செல்கள் இன்னும் உலகமெங்கும் கண்ணாடிக் குடுவைகளில் பெருகிக்கொண்டிருக்கின்றன.

செல் செத்தது என்று எப்படிச் சொல்வது? கூட்டமாகச் செத்தால் மைக்ராஸ்கோப்பிலேயே தெரியும். ஆனால் எப்படிச் செத்தது என்பதுதான் முக்கியம். சூடுபட்டோ விஷம் பட்டோ வெடித்துச் சாவது ஒரு வகை. செல் தானே முடிவெடுத்து, உள்ளே இருப்பதை ஒழுங்காகப் பிரித்து, கடையை மூடிவிட்டுப் போவது இன்னொரு வகை. புற்றுநோய் செல் இந்த இரண்டாவது வகைச் சாவை மறந்துபோன செல். அதற்கு அதை நினைவூட்டும் மருந்தைத்தான் எல்லோரும் தேடுகிறார்கள்.

அப்படி ஒரு செல் கடையை மூடுகிறதா என்று காட்டிக்கொடுக்கும் சாட்சி ஒன்று உண்டு. பார்ப் என்று ஒரு நொதி. டி.என்.ஏ. எங்கே அறுந்தாலும் விநாடிகளில் அங்கே போய் உட்கார்ந்து, ரிப்பேர் பார்க்கும் ஆட்களைக் கூப்பிடுவது அதன் வேலை. அது கோக்கும் வினோதமான சங்கிலியை முதலில் பார்த்தவர்கள் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் பியர் ஷாம்போனும் அவர் சகாக்களும், 1963-ல். செல் சாக முடிவெடுத்துவிட்டால் இனி ரிப்பேர் எதற்கு? கேஸ்பேஸ் என்ற கத்தரிக்கோல் நொதிகள் வந்து பார்ப்பை இரண்டாக வெட்டிவிடும். 1,014 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலியில் 214-வதுக்கும் 215-வதுக்கும் நடுவில், குறி தப்பாமல் அதே இடத்தில். பெரிய துண்டின் எடை 89 கிலோடால்டன். அவள் திரையில் பார்த்த கோடு அந்தத் துண்டுதான்.

ஆயிரக்கணக்கான புரதங்கள் கலந்த குழம்பில் இந்த ஒரு துண்டை மட்டும் எப்படிப் பிடிப்பது? அதற்குத்தான் ஆன்டிபாடி.

ஆன்டிபாடி நமக்குப் புதிதில்லை. பாம்புக்கடிக்கு ஆஸ்பத்திரியில் போடும் மருந்தே குதிரையின் ஆன்டிபாடிதான். இருளர் கூட்டுறவு சங்கத்தார் எடுத்துக் கொடுக்கும் விஷத்தைத் துளித்துளியாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பைப் பிரித்தெடுக்கிறார்கள். ஆய்வக ஆன்டிபாடியும் அதே சங்கதிதான். குதிரைக்குப் பதில் முயல், விஷத்துக்குப் பதில் பார்ப்பின் ஒரு சிறு துணுக்கு. அந்தத் துணுக்கில்தான் சூட்சுமம். கரும்பை வெட்டினால் ஒரு வெட்டுவாய் தெரியுமே, முழுக் கரும்பில் அது இருக்காதே, அதே போல நொதி வெட்டுப்பட்டால் மட்டும் வெளியே தெரியும் முனையை முயலுக்குக் காட்டுகிறார்கள். அந்த முயலின் ஆன்டிபாடி முழு பார்ப்பைத் திரும்பியும் பார்க்காது. வெட்டுப்பட்டதைக் கண்டால் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும்.

அந்த மருந்துப் புட்டி வந்த நாளை ஆய்வகமே வேடிக்கை பார்த்தது. தெர்மாகோல் பெட்டி, உள்ளே ஐஸ் பொட்டலங்கள், அதற்குள் சுண்டுவிரல் நுனி அளவு ஒரு பிளாஸ்டிக் குப்பி, குப்பிக்குள் 100 மைக்ரோ லிட்டர். கண்ணுக்குப் போடும் சொட்டு மருந்தில் இரண்டு சொட்டு இருக்கும். விலை அவளுடைய ஒரு மாத உதவித்தொகையைவிட அதிகம். அனுமதிக் கடிதம், மூன்று விலைப்புள்ளி, கையெழுத்துகள் என்று எல்லாம் முடிந்து வந்து சேர நான்கு மாதம் ஆயிற்று. மைனஸ் 20 டிகிரி பெட்டியில் அதற்கென்று தனி டப்பா வைத்து, மூடியில் தன் பெயரையும் 'தொடாதீர்கள்' என்பதையும் எழுதினாள். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் பிடிக்கும்வரை அந்தப் பெட்டிக்கு முன்னால் நிற்பாள். நின்று என்ன ஆகப்போகிறது? ஆனாலும் நிற்பாள்.

ஆயிரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் கரைத்தால் ஒரு குப்பி பத்துப் பரிசோதனைக்கு வரும். அதனால் ஒரு தடவை பயன்படுத்திய கரைசலையும் கொட்டுவதில்லை. வடித்த கஞ்சியை எடுத்து வைப்பது போல மூடி வைத்து, மூன்று நான்கு தடவை ஓட்டுவார்கள். ஆய்வகத்துக்கு ஆய்வகம் இந்தச் சிக்கனம் உண்டு.

பரிசோதனையின் பெயர் வெஸ்டர்ன் பிளாட். பெயருக்குப் பின்னால் ஒரு கிண்டல் இருக்கிறது. 1975-ல் எட்வின் சதர்ன் என்பவர் டி.என்.ஏ-வுக்கு இப்படி ஒரு முறையைக் கண்டுபிடிக்க, அது அவர் பெயரால் சதர்ன் பிளாட் ஆனது. பிறகு ஆர்.என்.ஏ-வுக்கு வந்ததை விளையாட்டாக நார்தர்ன் என்றார்கள். புரதத்துக்கான முறைக்கு, அமெரிக்காவின் மேற்குக் கரையில் சியாட்டிலில் இருந்த பர்னெட் 1981-ல் வெஸ்டர்ன் என்று பெயர் வைத்துவிட்டார். வேலை என்னவோ சமையலறை வேலைதான். புரதங்களை எடைவாரியாகப் பிரித்து ஒரு மெல்லிய தாளில் ஏற்ற வேண்டும். தாளில் காலியாக உள்ள இடங்களில் ஆன்டிபாடி கண்டபடி ஒட்டாமல் இருக்க, கொழுப்பில்லாத பால் பவுடரைக் கரைத்து அதில் ஊறவைக்க வேண்டும். முயல் ஆன்டிபாடியை ஊற்றி இரவு முழுக்கக் குளிரில் ஆட்ட வேண்டும். அடுத்த நாள் முயலின் ஆன்டிபாடியை அடையாளம் காணும் ஆட்டின் ஆன்டிபாடி. அதன் வாலில் ஒரு வகை முள்ளங்கிக் கிழங்கிலிருந்து எடுத்த நொதி. அது வெளிச்சம் போடும். முயல், ஆடு, பால், கிழங்கு. "நம்ம தோட்டத்துலயே எல்லாம் இருக்குதே கண்ணு" என்று அப்பா ஒருமுறை சொன்னார்.

மறுநாள் காலை மேடத்திடம் படத்தைக் காட்டினாள். மேடம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "நல்லாருக்கு" என்றார். பிறகு கேட்டார்: "குர்குமினை எதுல கரைச்சே?"

டி.எம்.எஸ்.ஓ-வில். குர்குமின் தண்ணீரில் கரையாது. டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்துத்தான் செல்களுக்குப் போட முடியும்.

"டி.எம்.எஸ்.ஓ. மட்டும் போட்ட தடம் எங்க?"

அது இல்லை. எதுவும் போடாத செல்களைத்தான் ஒப்பீட்டுக்கு வைத்திருந்தாள். விட்டுப்போனது என்று சொல்லலாம். குர்குமின் வீணாகிவிடக் கூடாதே என்று கரைசலை நீர்க்கத் தயாரித்திருந்ததால், அதிக அளவு போட்ட தடத்தில் டி.எம்.எஸ்.ஓ. 2 சதவிகிதம் வரை போயிருந்தது. 48 மணி நேரத்துக்கு அது கொஞ்சநஞ்சமில்லை. இந்தக் கணக்கு மேடத்தின் அறையிலிருந்து வெளியே வரும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

திரும்பச் செய்தாள். இந்தத் தடவை ஐந்து தடங்கள். எட்டாம் நாள் இரவு அதே இருட்டறை, அதே திரை. எதுவும் போடாத செல்கள் சுத்தமாக இருந்தன. குர்குமின் தடத்தில் கோடு. டி.எம்.எஸ்.ஓ. மட்டும் போட்ட தடத்திலும் கோடு. கிட்டத்தட்ட அதே தடிமன்.

முயல் பொய் சொல்லவில்லை. செல்கள் செத்ததும் நிஜம், பார்ப் வெட்டுப்பட்டதும் நிஜம். கொன்றதில் மஞ்சளின் பங்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி. குப்பியில் இருந்த ஆன்டிபாடி அதைச் சொல்லாது. வெட்டு விழுந்ததா என்று மட்டும்தான் அது சொல்லும். வெட்டியவர் யார் என்று கேட்க வேண்டியது பக்கத்துத் தடத்தை.

ஆய்வகத்தில் அவளுக்கு மூத்தவளான ஓர் அக்கா, நல்ல மனசுக்காரி, டீ குடிக்கும்போது சொன்னாள்: "முதல் படத்துல பொய் ஒண்ணும் இல்லையேடி. நீ எதையும் ஒட்டலை, வரையலை. அதையே போடு. அந்தத் தடத்தை யாரும் கேட்க மாட்டாங்க." அவள் சொன்னதில் உண்மை இருந்தது. கேட்காமல் விடுகிறவர்கள் நிறையப் பேர். எலிசபெத் பிக் என்ற நுண்ணுயிரியலாளரும் சகாக்களும் 20,621 ஆய்வுக் கட்டுரைகளின் படங்களைக் கண்ணாலேயே சலித்து 2016-ல் வெளியிட்ட கணக்குப்படி, நூற்றுக்கு ஏறக்குறைய நான்கில் ஒரே படம் இரண்டு இடத்தில் வேறு வேறு பெயரில் வருவது போன்ற கோளாறுகள் இருந்தன. அதிலும் வெஸ்டர்ன் பிளாட் படங்கள்தான் அடிக்கடி மாட்டுகிறவை. ஆனால் போடாமலே விட்ட தடத்தை எந்தக் கண்ணாலும் பிடிக்க முடியாது. உதவித்தொகை முடிய ஏழு மாதம் இருந்தது. கட்டுரை வெளிவராமல் தீசிஸ் கொடுக்க முடியாது. அவள் அன்றைக்கு எந்தப் பதிலும் சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். உடனே தலையாட்டி மறுத்தாள் என்று எழுதினால் அது கதையாகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா கூப்பிட்டார். மழை, வாய்க்கால் தண்ணீர், மாடு கன்று போட்டது எல்லாம் பேசிவிட்டு, கடைசியில் சாதாரணமாகச் சொன்னார்: "உங்க அத்தை ஊசியை நிறுத்திப்போட்டாளாமா. உன்ற படத்தைப் பார்த்துட்டு மஞ்சளே போதும்னு சொல்றா. நெசமா கண்ணு?"

அத்தை என்றால் அப்பாவுக்கு நேர் மூத்த அக்கா. காங்கயம் பக்கம் கட்டிக் கொடுத்தது. நான்கு மாதத்துக்கு முன் மார்பில் கட்டி என்று கோவைக்கு அழைத்து வந்தபோது, பிளாஸ்க்கில் காபியோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் கூடவே உட்கார்ந்தது இந்த மருமகள்தான். அறுவை சிகிச்சை முடிந்து, 21 நாளுக்கு ஒரு முறை ஊசி. இரண்டு ஊசி முடிந்திருந்தது. முடி முழுக்கக் கொட்டி, வாயெல்லாம் புண்ணாகி, மோர்கூட எரிந்தது. மூன்றாவது ஊசிக்கான தேதி போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது.

அப்பா அந்தப் படத்தைச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டிருக்கிறார். அங்கிருந்து அது எங்கெல்லாம் போயிற்றோ. திரும்பி அத்தைக்கு வந்தபோது படத்தின் மேல் சிவப்பு எழுத்தில் 'கோவை விஞ்ஞானி கண்டுபிடிப்பு' என்று யாரோ சேர்த்திருந்தார்கள். விஞ்ஞானி வேறு யாருமில்லை, சொந்த மருமகளே. அப்புறம் அத்தை நம்பாமல் என்ன செய்வாள்?

அன்றைக்கே சிங்காநல்லூரிலிருந்து பஸ் ஏறினாள். பல்லடம் வரும்வரை எப்படிப் பேசுவது என்று மனதுக்குள் கோத்துக் கோத்துப் பார்த்தாள். எல்லாம் மேடம் முன்னால் பேசுவது போலவே வந்தது.

அத்தை திண்ணையில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு சில்வர் டம்ளரில் கெட்டியாக மஞ்சள் கரைசல்.

"வா கண்ணு. உன்ற மருந்தைத்தான் குடிச்சுட்டிருக்கறேன்."

"அத்தை, அது மருந்தில்லைங்கத்தை."

"நீதானே சாமி போட்டே?"

அவள் டம்ளரை எடுத்து நகர்த்தி வைத்துவிட்டு, பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். ஐந்து தடங்களும் உள்ள படம், வெட்டாமல், முழுசாக அச்சடித்தது. ஒவ்வொரு தடமாக விரல் வைத்துச் சொன்னாள். இது சும்மா இருந்த செல்லு. இது மஞ்சள் போட்டது. இது மஞ்சளைக் கரைக்கிற தண்ணியை மட்டும் போட்டது. மஞ்சளே இல்லாமல் இதிலும் செத்திருக்கிறது பாருங்கள். நான் இந்தத் தடத்தை முதலில் போடவே இல்லை. தப்பு என் மேலதானுங்கத்தை.

அத்தை தாளை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். அறிவியல் புரிந்ததோ இல்லையோ, மருமகள் குரல் உடைந்தது புரிந்தது. பிறகு கடைசித் தடத்தில் விரலை வைத்தாள். "இது என்ன கண்ணு, இவ்வளவு தடியா?"

அதுதான் அவள் அன்றிரவு அழகைக் கெடுக்கிறது என்று வெட்டி எறிந்த தடம். ஒப்பீட்டுக்குப் போட்ட மருந்து. டாக்சோருபிசின். அத்தைக்கு 21 நாளுக்கு ஒருமுறை கையில் ஏறும் அதே சிவப்பு மருந்து. அவள் அதைச் சொன்னபோது அத்தை நிமிர்ந்து பார்த்தாள். "அந்தச் செகப்புத் தண்ணியா?"

"அதேதானுங்க. எல்லாத்தையும் விட அதுதான் நல்லா வேலை செஞ்சிருக்குது."

"அது கெமிக்கலாச்சே. மஞ்சள் இயற்கை" என்றார் கட்டிலில் படுத்திருந்த மாமா. வீடுகளில் இந்த வாக்கியம் எப்போதும் யாராவது ஒருவர் வாயில் தயாராக இருக்கும். டாக்சோருபிசினும் மண்ணில் பிறந்ததுதான். இத்தாலியில் கேஸ்டல் டெல் மோன்டே என்ற பழைய கோட்டைப் பக்கத்து மண்ணில் சிவப்பு நிறம் கக்கும் ஒரு நுண்ணுயிரி கிடைத்தது. அதன் வம்சத்திலிருந்து 1960-களில் எடுத்ததுதான் இந்த மருந்து. பக்கத்துக் கடலான ஏட்ரியாட்டிக்கின் பெயரைச் சேர்த்து ஏட்ரியாமைசின் என்று விற்றார்கள். மாமாவிடம் "அதுவும் மண்ணுல இருந்த பூச்சி கொடுத்ததுதானுங்க மாமா" என்று மட்டும் சொன்னாள்.

மற்ற கணக்குகளை அத்தையிடம் சொல்லவில்லை. அவற்றை இங்கே சொல்லலாம். ஆய்வகத்தில் அவள் போட்ட அதிக அளவு 50 மைக்ரோமோலார். தைவானில் நடந்து 2001-ல் வெளியான ஆய்வில், தினம் 8 கிராம் குர்குமின் விழுங்கியவர்களின் ரத்தத்திலேயே அது 2 மைக்ரோமோலாரை எட்டவில்லை. 8 கிராம் குர்குமினுக்கு 200 கிராமுக்கும் மேல் மஞ்சள் தூள் தின்ன வேண்டும். வயிற்றில் உறிஞ்சப்படுவது குறைவு, உறிஞ்சியதையும் கல்லீரல் உடனே மாற்றிவிடும். 2017-ல் அமெரிக்க மருந்து வேதியியலாளர்கள் 120-க்கும் மேற்பட்ட குர்குமின் பரிசோதனைகளை எடுத்துப் பார்த்து, மருந்து யாருக்கு, வெறும் மாத்திரை யாருக்கு என்று இரு தரப்புக்கும் தெரியாமல் நடத்தியவற்றில் ஒன்றுகூடத் தேறவில்லை என்று எழுதினார்கள். அத்தை விஷயத்தில் இதைவிட முக்கியமான ஒன்று: 2002-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், குர்குமின் கூட இருந்தபோது மார்பகப் புற்று செல்களை அந்தச் சிவப்பு மருந்து கொல்வது குறைந்தது. குழம்பில் போடும் மஞ்சளுக்கு இந்தப் பயம் வேண்டாம். டம்ளரில் கரைத்துக் குடிப்பதையும் மாத்திரையாக விழுங்குவதையும் சிகிச்சை கொடுக்கும் டாக்டரிடம் சொல்லாமல் செய்யக் கூடாது.

அப்பாவிடம் பேசுவதுதான் சிரமமாக இருந்தது. சாயங்காலம் காங்கயத்திலிருந்து ஊருக்குப் போனாள். அவர் களத்தில் சாக்கு மடித்துக்கொண்டிருந்தார். முழுக்கக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.

"அப்ப மஞ்சள்ல ஒண்ணுமே இல்லைங்கறயா?"

"அப்படிச் சொல்லலைங்கப்பா. எனக்கு இன்னும் தெரியாதுன்னு சொல்றேன்."

"தெரியாததுக்கு அனுப்பியிருக்க வேண்டாம்."

அவர் அவளிடம் அப்படிக் கடிந்து பேசிப் பல வருடம் ஆகியிருந்தது. சாக்குகளை அடுக்கி முடித்தவர், சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து அவளிடமே நீட்டினார். "குரூப்புல என்ன எழுதோணுமோ நீயே எழுது. என்ற பேருல போடு." அவள் எழுதினாள். முதல் படத்தைப் பார்த்து 43 பேர் கைகூப்பியிருந்தார்கள். திருத்தத்துக்கு இரண்டு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். ஒருவர் பழக்கத்தில் 'வாழ்த்துகள்' என்று போட்டார்.

கோவை திரும்பிய வாரத்தில் குர்குமினைக் கெட்டியாகக் கரைத்து, டி.எம்.எஸ்.ஓ. 0.1 சதவிகிதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டு மூன்றாவது தடவை செய்தாள். பிறகு நான்காவது, ஐந்தாவது. கரைப்பான் மட்டும் போட்ட தடம் இப்போது சுத்தமாக இருந்தது. குர்குமின் தடத்தில் ஒரு கோடு இருந்தது, மெலிதாக, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தெரியும்படி. மூன்று தடவையும் அதே மெலிசு. குறைந்த அளவு போட்டதில் ஒன்றுமில்லை. மேடம் பார்த்துவிட்டு, "இதுதான் இருக்கு. இதை எழுது" என்றார். எழுதினாள். முதலில் அனுப்பிய பத்திரிகை 'புதுமை போதவில்லை' என்று திருப்பியது. இரண்டாவது பத்திரிகை, சின்னது, திருத்தங்கள் கேட்டிருக்கிறது. தீசிஸில் அந்த முதல் படமும் இருக்கிறது, பின்னிணைப்பில், இது ஏன் செல்லாது என்ற குறிப்போடு. குப்பியில் இன்னும் இரண்டு தடவைக்கு ஆன்டிபாடி மிச்சம்.

அத்தையைத் திட்டியது ஆஸ்பத்திரி டாக்டர் மட்டும்தான், அதுவும் மெதுவாக. ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு மறுநாளே மூன்றாவது ஊசிக்குத் தேதி கொடுத்தார். தாமதத்தால் ஏதும் கெட்டுப்போனதா என்று மருமகள் கேட்டதற்கு, "இனிமே தள்ளாம பார்த்துக்கோங்க" என்பதற்கு மேல் அவர் சொல்லவில்லை.

நாற்காலியில் சாய்ந்திருந்த அத்தையின் கையில் நர்ஸ் ஊசியைக் குத்தினார். சிவப்பு மருந்து மெல்லிய குழாயில் இறங்கி வருவதை அத்தை கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி வந்ததும் மருமகளைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"கண்ணு, இதுதானே அந்தத் தடிச்ச கோடு?"

"ஆமாங்கத்தை."

"வாயி மட்டும் இந்தத் தடவை எரியாம இருந்தாப் பரவால்ல" என்று சொல்லிவிட்டு, துண்டை இழுத்துக் காது வரை மூடிக்கொண்டாள்.